முதல் ஸ்டாப்பிலிருந்து

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துச் சலவை அறையில் அவளுக்கு வேலை. ரத்தக் கறையும் மருந்து வாடையும் ஏறிய போர்வைகளை அள்ளி அள்ளி மெஷினில் திணிக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் தோலுரிந்து, சாப்பிடும்போது உப்புப் பட்டாலே உயிர் போகும். வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள், இங்கே வேலை பார்க்கிறவர்களும் வரலாம், இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தால் போதும் என்று அறிவித்ததும், அந்த வேலைக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

சொல்லிக்கொடுக்க வீட்டுக்காரரே முன்வந்தார். பஸ் கண்டக்டர். அங்கேதான் பிடித்தது சனி. அந்த மனிதருக்கு எதுவும் வரிசையாக இருந்தால்தான் மண்டையில் ஏறும். அகராதியில் ஒரே மாதிரி ஆரம்பிக்கிற வார்த்தைகளைச் சேர்த்து, ஸ்டாப் பெயர் கூவுகிற அதே ராகத்தில் அவளையும் கூவ வைத்தார்.

“கம்பெனி நிறுவனம், காம்பன்சேஷன் நஷ்டஈடு, காம்படிஷன் போட்டி, கம்ப்ளெயின்ட் புகார், காம்ப்ளிமென்ட் பாராட்டு...”

போர்வை மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் அதையே சொல்லிச் சொல்லி, எல்லாம் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. இந்த வேலை தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டு மாடியேறினாள்.

மேனேஜர் எடுத்த எடுப்பில், “காம்ப்ளிமென்ட்னா என்னம்மா?” என்றார்.

அவளுக்குத் தெரியும். ஆனால் கம்பெனியில் ஏறாமல் அங்கே போய் இறங்கத் தெரியாது. உதடு மட்டும் அசைய, முதலிலிருந்து கிளம்பினாள். போட்டியைத் தாண்டுவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“சரி விடுங்க. கம்ப்ளெயின்ட்?”

“பாராட்டு,” என்றாள், அப்போதுதான் வந்து சேர்ந்தவள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “புகார் சொல்ல வர்றவங்ககிட்ட நீங்க நன்றி சொல்லிடுவீங்க போல. போங்கம்மா, வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

மாடியிறங்கிச் சலவை அறைக்கே திரும்பினாள். தெரியாமல் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தெரிந்தே தோற்றதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் நடந்ததைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “நான் வரிசையாத்தானே சொல்லிக் குடுத்தேன்?”

“ஏங்க, உங்க பஸ்ல எல்லாரும் முதல் ஸ்டாப்புலயா ஏறுறாங்க? நடுவுல நிக்கறவங்களை என்ன பண்ணுவீங்க?”

மனிதருக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “இனிமே கலைச்சுப் போட்டே கேக்கறேன், அடுத்த தடவை பாத்துக்கலாம். காம்படிஷன்னா?” என்றார் மெதுவாக.

முகத்திலடித்த மாதிரி பதில் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். “கம்பெனி நிறுவனம்” என்று வந்தது. தோலுரிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.