இரண்டு பெட்டிக்கும் ஒரே எண்

காலை ஒன்பதரைக்கு சங்கமித்ரா நான்காவது முறையாக மோடத்தை அணைத்துப் போட்டாள். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. முந்தின நாள் எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த ரூட்டரும் பக்கத்தில் கண் சிமிட்டியது. கம்ப்யூட்டரில் மட்டும் பக்கம் திறக்கவில்லை. மோடத்திலிருந்து கேபிளை நேராகச் சொருகினால் இன்டர்நெட் வந்தது. நடுவில் ரூட்டரை வைத்தால் நின்றது.

பதினொரு மணிக்குப் பரீட்சை. அமெரிக்க டாக்டர்கள் பேசிவைத்ததைக் கேட்டு டைப் செய்து தரும் கம்பெனியில், சங்கமித்ராவும் எதிர்வீட்டு உஷாவும் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள். 2005இல் ஆபீஸைச் சுருக்கியபோது இருவரையும் நிறுத்தினார்கள். மறுவருஷம், இன்டர்நெட் வழியே ஒரு டைப்பிங் பரீட்சையில் தேறினால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அதே கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் அவரவர் ஏற்பாடு. சங்கமித்ரா வீட்டில் பழைய டெலிபோன் இருந்ததால் லைன் கிடைத்தது. வாடகைப் பத்திரம் இல்லாத உஷாவுக்குக் கிடைக்கவில்லை. ஒரே லைனை ரூட்டர் வைத்து இருவரும் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவு செய்து, ஜீவனஹள்ளியின் அந்தக் குறுகிய சந்துக்கு மேலே, துணிக்கொடியோடு சேர்த்து ஒரு கேபிளை ஜன்னலுக்கு ஜன்னல் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

உதவி நம்பருக்கு மூன்று முறை போன் செய்தாயிற்று. வெளியில் வாங்கிய ரூட்டருக்கு நாங்கள் பொறுப்பில்லை, கழற்றிவிடுங்கள் என்று மூன்று பேரும் மரியாதையாகச் சொன்னார்கள்.

சங்கமித்ரா தரையில் உட்கார்ந்து ரூட்டரின் கையேட்டை முதலிலிருந்து படித்தாள். ஏழாம் பக்கத்தில் அதன் முகவரி எண் இருந்தது. 192.168.1.1. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. மோடத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த சீட்டிலும் அதே எண்.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"உஷா, ரெண்டு பொட்டிக்கும் ஒரே டோர் நம்பர்டி. அதான் எது யாருன்னு தெரியாம முழிக்குது."

"மாத்த முடியுமாக்கா?"

"மோடத்துல கை வெக்கக்கூடாது. நம்ம ரூட்டர் நம்ம இஷ்டம்."

கையேட்டில் சொன்னபடி ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, முகவரி எண்ணில் மூன்றாவதாக இருந்த 1-ஐ 2 ஆக்கினாள். எல்லா விளக்குகளும் அணைந்தன. விளக்குகள் மெல்லத் திரும்பி வந்தன. பக்கம் திறந்தது. மறு நிமிஷம் எதிர் ஜன்னலில் உஷா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவேயில்லை. பதினொரு மணிக்குப் பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். இருவருமே தேறினார்கள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் வீணா போன் செய்தாள். இரண்டு பேரும் ஒரே லைனிலிருந்து வருவது கம்ப்யூட்டரில் தெரிகிறதாம். ஒரு லைனுக்கு ஒரு ஆள்தான், அது மேலிடத்து ரூல் என்றாள். யார் என்று அவர்களே முடிவு செய்து சொல்ல வேண்டுமாம்.

உஷா வாசற்படியில் வந்து நின்றாள். "நீயே பண்ணுக்கா. லைன் உன்னுது," என்றாள்.

"சும்னே இரு. பேர்தான் என்னுது. வர்ற ஃபைல்ல பாதிய ரூட்டர் வழியா உனக்குத் தள்ளிடறேன். துட்டும் பாதிப் பாதி."

அப்படித்தான் நடந்தது. விட்டுப்போன வேகம் ஒரு வாரத்தில் விரல்களுக்குத் திரும்பிவிட்டது. டாக்டர் முழுங்கிய வார்த்தை எது என்று ஜன்னலுக்கு ஜன்னல் கேட்டுக்கொண்டார்கள். யார் முதலில் முடிப்பது என்று போட்டி போட்டார்கள். உஷா தன் கணவனிடம் வேலைக்குப் போகிறேன் என்றே பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் கம்பெனி மெயில் வந்தது. சங்கமித்ராவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. உஷாவைக் கூப்பிட்டு அவள் உரக்கப் படித்தாள். வீட்டிலிருந்து வேலை செய்வோரில் முதலிடம், பாராட்டுகள். உஷா கைதட்டினாள். அடுத்த வரிக்கு வந்ததும் சங்கமித்ராவின் குரல் இறங்கியது. தனி ஒருவரால் இவ்வளவு செய்ய முடியும் என்று நிரூபணமாகிவிட்டதால், வரும் மாதம் முதல் அனைவருக்கும் இதுவே குறைந்தபட்ச அளவு. எட்டாதவர்களுக்கு வேலை தரப்படமாட்டாது.

கீழே, மெயில் போன நாற்பத்திரண்டு பேரின் முகவரிகள். பாதிப் பேர் ஆபீஸில் அவர்களோடு சாப்பிட்டவர்கள்.

போன் அடித்தது. அதே வரிசையில் உட்கார்ந்திருந்த பிரிஜெட். பின்னால் அவளுடைய கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"மித்ரா, ஒண்டியா எப்படிடி இவ்ளோ டைப் பண்றே? எனக்கும் ஸ்வல்ப, கொஞ்சமாவது சொல்லிக் குடேன்."

சங்கமித்ரா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உஷாவைப் பார்த்தாள். உஷா ஓசைப்படாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, சந்துக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.