விட்டுவிட்டு வந்த ரோட்டு

கீபோட்டை மடியில் வைத்ததும் பொன்னம்பலத்தின் இடது கால் தன்பாட்டில் கிளச்சைத் தேடியது. மேசைக்குக் கீழே கடைக்காரி யசிந்தாவின் செருப்புச் சோடி மட்டும்தான் கிடந்தது. யாழ்ப்பாணம் – கொழும்பு பஸ்ஸை இருபத்தாறு வருடம் ஓட்டிய காலுக்கு அது எங்கே விளங்கப்போகிறது? தேடிக்கொண்டே இருந்தது. திரையில் ஒரு சிவப்புக் கார் நின்றது. அதற்கு முன்னால் ரோட்டு, இரண்டு பக்கமும் பச்சை, தூரத்தில் நீல மலை. கொழும்பு ரோட்டில் அப்படி மலை எதுவும் கிடையாது. அதை அவர் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார்.

சண்டையில் ஆனையிறவுப் பாதை மூடி ஐந்து வருடமாகப் போகிறது. பாதை மூடிய அன்றோடு அவருடைய வேலையும் நின்றது. பிறகு மின்சாரம் நின்றது, பெற்றோல் நின்றது. வட்டுக்கோட்டையில் அவர் சைக்கிள் ஓட்டினார். அதையும் மணியடித்து, கை காட்டி, சட்டப்படி ஓட்டினார். போன மார்கழியில் றேடியோ திருத்தக் கொடுக்கவென்று பட்டினத்துக்கு வந்தபோது யசிந்தாவின் கடையில் ஜெனரேற்றர் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் இந்தக் கார் ஓட்டத்தை விளையாடிக்கொண்டிருந்தார். பொன்னம்பலம் முக்கால் மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு, றேடியோவை மறந்து வீட்டுக்குப் போனார்.

அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்த அந்த மாதங்களில், எங்கேயோ முடங்கிக் கிடந்த அவருடைய சேமலாபப் பணம் எப்படியோ வந்து சேர்ந்தது. கொம்பியூட்டர் வாங்கப்போகிறேன் என்று அறிவித்தார். என்னத்துக்கு என்று கேட்ட ஆட்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: விளையாட. படிக்க என்று சொல்லியிருந்தால் ஊரே கும்பிட்டிருக்கும். படிப்புக்கென்றால் காணியை ஈடு வைப்பார்கள், தாலிக்கொடியைக் கழற்றுவார்கள், ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர் விளையாடப் போகிறேன் என்றால் மட்டும் ஊருக்கு மூக்கில் வியர்த்துவிடும். மனைவி பராசக்தி ஒருத்திதான் சிரிக்கவில்லை. எதை வாங்கினாலும் வாங்குங்கோ, பாதியில் மனம் மாறி வந்து என் முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு மாவறுக்கப் போனாள்.

மகள் பாலேஸ்வரியைக் கட்டிய மருமகன் பரமலிங்கம் கடைக்குக் கூட வந்தது துணைக்கு மட்டுமல்ல. அவர் ஊரில் ஒரு கொட்டிலில் ரியூசன் நடத்துகிற வாத்தியார். கொம்பியூட்டர் வகுப்பும் நடத்தினார், கொம்பியூட்டர் இல்லாமல். கரும்பலகையில் கீபோட்டைக் கீறிவிடுவார். பிள்ளைகள் மேசையில் விரலால் தட்டிப் பழகுவார்கள். மாதம் முடியக் காசு இல்லையென்று ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பினதில்லை. அவர் நல்ல மனிதர் என்பதுதான் பொன்னம்பலத்துக்குப் பெரிய கரைச்சல். கெட்டவரென்றால் ஒரு சொல்லில் வெட்டிவிடலாம்.

குருநகர்க்காரி யசிந்தா கொழும்பிலிருந்து சாமான்களைத் துண்டு துண்டாகக் கழற்றி, உடுப்புகளுக்குள் சுற்றி, கிளாலிக் கடலால் படகில் கொண்டுவந்து திரும்பவும் பூட்டுகிறவள். பெட்டி, திரை எல்லாம் வெறும் கை கால், புரொசசர்தான் மூளை என்று விளங்கப்படுத்தினாள். அவளிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று 386. மற்றது 486, புதிசு, வேகம், விலையும் அப்படி. பொன்னம்பலம் கொண்டுவந்த காசுக்கு 486 போட்ட மெஷின் ஒன்று வாங்கலாம். அல்லது 386 போட்டு இரண்டு வாங்கலாம். இரண்டு என்ற சொல்லைக் கேட்டதும் பரமலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டிலும் ஓடிப் பாருங்கோ ஐயா, ஜெனரேற்றர் பத்து மணிவரைக்கும்தான் ஓடும் என்றாள் யசிந்தா.

முதலில் 386. கார் வெளிக்கிட்டது. ரோட்டு வந்தது, நின்றது, பிறகு வந்தது. வளைவு ஒன்று திடீரென்று மூக்குக்கு முன்னால் முளைத்தது. வளைவில் பெரிய மரம் ஒன்று அரைவாசி வந்து, மிச்சம் வருவதற்குள் காருக்குப் பின்னால் போய்விட்டது. பொன்னம்பலம் எழும்பிப் பக்கத்து மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

486இல் ரோட்டு தண்ணீர் மாதிரி வந்தது. அவர் வேகமாக ஓடவில்லை. பஸ் ஓடினது போலவே, இடது பக்கம் ஒதுங்கி, பின்னால் வந்த கார்களுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டு போனார். கடையில் றேடியோவோடு காத்து நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். தூரத்தில் அந்த மரம் தெரிந்தது. இந்த முறை முழுதாக, கொப்பும் நிழலுமாக, நெடுநேரம் வந்துகொண்டே இருந்தது. பொன்னம்பலம் வேகத்தைக் குறைத்தார். மரத்தடியில் காரை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, கையை எடுத்து நெற்றியில் தொட்டுக் கும்பிட்டார். திரையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் ஐயா நிப்பாட்டினனியள்?" என்றாள் யசிந்தா.

"முறிகண்டி" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. சவேரியாரைக் கும்பிடுகிற அவளுக்கும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தெரியும். கொழும்பு ரோட்டில் போன எந்த டிரைவரும் அந்த இடத்தில் நிறுத்தாமல் போனதில்லை. நேரம் முடிந்துவிட்டது, தோற்றுவிட்டீர்கள் என்று திரை சொன்னது. பொன்னம்பலம் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பரமலிங்கம் மெல்ல ஆரம்பித்தார். இரண்டு மெஷினிலும் மாமா ஒரே வேகத்தில்தான் ஓடினார், பிறகு நிறுத்தியும் விட்டார். நிறுத்தி நிறுத்தி ஓடுகிற மனிதருக்கு வேகமான புரொசசர் எதற்கு? 386 இரண்டு எடுத்தால் ஒன்று மாமாவுக்கு, மற்றது கொட்டிலுக்கு. நாற்பது பிள்ளைகள் கரும்பலகையை விட்டுவிட்டு உண்மையான கீபோட்டில் கை வைக்கும். எல்லாம் நியாயம். அதைக் கேட்கக் கேட்கப் பொன்னம்பலத்துக்குக் கோபம் வந்தது, கோபத்துக்குப் பின்னால் வெட்கமும் வந்தது. எத்தனை பிள்ளைகளைச் சோதனைக்கும் கம்பஸுக்கும் நேர்முகத்துக்கும் ஏற்றி இறக்கியிருப்பார். ஓடி வருகிற பிள்ளைக்காக பஸ்ஸைப் பிடித்துவைத்து மேலதிகாரியிடம் பேச்சும் வாங்கியிருக்கிறார். சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, கடிதம் எல்லாமே பாதை மூடிய பிறகு யாரோ விட்டால் வரும், விடாவிட்டால் இல்லை. ஐந்து வருடமாக வாயைத் திறக்காமல் அதற்கும் பழகிக்கொண்டார்.

"தம்பி, மெள்ள ஓடுறது என்ரை விருப்பம்" என்றார். "ரோட்டு மெள்ள வாறது ஆரின்ரை விருப்பம்?"

பரமலிங்கம் கடைசியாக ஒரு வாதம் வைத்திருந்தார். மாமாவின் வீட்டில் ஜெனரேற்றர் இருந்தது உண்மை, மகளின் கலியாணத்துக்கு வாங்கினது. அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். மேலதிக எண்ணெய்க்கு ஊர் அதிகாரி விதானையார்தான் அனுமதித் துண்டு தரவேண்டும், காரணம் இல்லாமல் தரமாட்டார்.

"படிப்பெண்டு எழுதினால் வாத்தியார் ஒராள் கையெழுத்து வைக்கவேணும் மாமா. பொய்க்கு நான் வைக்கமாட்டன்."

"வேண்டாம். நான் பொய் சொல்லேல்லையே" என்றார் பொன்னம்பலம். யசிந்தாவின் பக்கம் திரும்பி 486ஐப் பெட்டியில் பூட்டச் சொன்னார்.

பரமலிங்கம் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். பொன்னம்பலம் பெட்டியைக் கரியரில் கட்டி, திரையை வட்டுக்கோட்டைக்குப் போகிற ஒரு தட்டிவானில் ஏற்றிவிட்டுத் தனியே மிதித்தார். ஆனைக்கோட்டை தாண்டும்போது பயம் பிடித்தது. மகள் பாலேஸ்வரி கதைக்காமல் விட்டுவிடுவாள் என்று தெரியும். எண்ணெய் கிடைக்காவிட்டால் இந்தப் பெட்டி பராசக்தி சீலை காயப்போடுகிற மேசையாகப் போய்விடும் என்றும் தெரியும். இருந்தாலும் திரும்பிப் போய் மாற்றுகிற எண்ணம் அவருக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

அடுத்த நாள் காலை விதானையார் தம்பிராசாவின் விறாந்தையில் நீட்டுக்கு வரிசை. எல்லார் கையிலும் போத்தல். மேசையில் விரித்த பெரிய புத்தகத்தில் நிரல்கள் கீறியிருந்தன: விளக்கு, அடுப்பு, இறைப்பு, மில், படிப்பு. ஆளைக் கண்டதும் விதானையார் சிரித்தார். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. அவரும் எத்தனையோ தடவை பொன்னம்பலத்தின் பஸ்ஸில் முன் சீற்றில் இருந்து கொழும்புக்குப் போனவர். குரலைத் தாழ்த்தி, படிப்பு என்று போட்டுவிடுகிறேன் அண்ணை, கையெழுத்தைப் பற்றி யோசிக்கவேண்டாம், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றார். பேனை படிப்பு நிரலுக்கு மேலே வந்து நின்றுவிட்டது.

அந்தக் கணத்தில் தலையை ஆட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பொன்னம்பலம் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"படிப்பெண்டு எழுதாதேங்கோ விதானையார். எழுதினால் நாளைக்கு ஒரு பிள்ளை படிக்க வர அதிலை இருந்து நான் எழும்பவேணும். விளையாட எண்டு எழுதுங்கோ."

"விளையாட்டெண்டு இதிலை நிரல் இல்லையே அண்ணை."

"கோடு கீற அடிமட்டம் இருக்குத்தானே?"

வரிசையில் பின்னால் நின்ற ஒரு மனிதர் என்னவோ முணுமுணுத்தார், எங்களுக்கு விளக்குக்கே இல்லை என்பது போலக் கேட்டது. பொன்னம்பலம் திரும்பவில்லை. கையை மேசையிலிருந்து எடுக்கவும் இல்லை. விதானையார் அவருடைய முகத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார். பிறகு லாச்சியை இழுத்தார். உள்ளே கையை விட்டுத் துளாவி, முனை தேய்ந்த மர அடிமட்டம் ஒன்றை எடுத்து, படிப்புக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் வைத்து, பெருவிரலால் அழுத்திப் பிடித்தார்.

அடுத்ததாக நின்ற இரத்தினம்மா போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஆட்களும் வந்தார்கள். மேசையைச் சுற்றித் தலைகள் குனிந்தன. பேனை அடிமட்டத்தை ஒட்டி, புது நிரலுக்குக் கோடு கீறிக்கொண்டு, மேலேயிருந்து கீழே, மெதுவாக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது.