முப்பது மிளகாய்

முறத்தில் இருந்த பச்சை மிளகாயை வள்ளிக்கண்ணு இரண்டாம் முறை எண்ணினாள். முப்பது. நாற்பது பேர் சாம்பாருக்கு நான்கு வருடமாக அதுதான் அளவு.

அரியமங்கலத்துப் பட்டறைகளுக்கு நடுவே அவள் சமைக்கும் மெஸ்ஸின் பின்கட்டில், சிமெண்ட் சாக்குகளில் பத்துச் செடிகள். விதை அவள் ஊரான வையம்பட்டியிலிருந்து வந்தது. மண், முதலாளி ரெங்கராஜ் ஆற்றோரத்திலிருந்து ஏற்றி வந்த வண்டல். தினமும் தண்ணீர் விட்ட வரைக்கும் காய் விரல் நீளம் இருக்கும்; காரம் கம்மி. மூன்று வாரத்துக்கு முன் கரண்ட் பில் ஏறியதென்று ரெங்கராஜ் மோட்டார் ரூம் சாவியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அரிசி களைந்த தண்ணீர் மட்டும்தான். புரட்டாசி பிறந்தும் வெயில் தணியவில்லை. இன்று பறித்த காய்கள் குட்டையாக, தோல் சுருங்கி இருந்தன.

"அண்ணே, காய் வாடிப்போய் வந்திருக்கு. இருபது போட்டா போதுமாங்க?"

"முப்பதுன்னா முப்பது. பெருமாளுக்குப் படைக்கிற அன்னிக்கு அளவைக் கொறைக்காத" என்றார் ரெங்கராஜ்.

மற்ற நாளாக இருந்தால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்திருப்பாள். புரட்டாசி சனிக்கிழமை, படைக்கும் முன் நாக்கில் வைக்கக் கூடாது. படைத்து முடிவதற்குள் பட்டறை ஆட்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

லேத் ஓட்டும் காத்தமுத்து முதல் கவளத்திலேயே நிறுத்தினார். கண்ணில் நீர் தளும்பியது.

"ஏக்கா, சாம்பாரா இது? வெல்டிங் வைக்கலாம் போலருக்கு!"

சிலர் சிரித்தார்கள். அப்புறம் சிரித்தவர்களும் இரும ஆரம்பித்தார்கள். மோர் வாளி இரண்டு சுற்றில் காலியானது. பாதி இலைகள் சோற்றோடு மடிக்கப்பட்டன. சூப்பர்வைசர் ரஃபீக் கை துடைத்துக்கொண்டே வாசலில் நின்று சொன்னார்: "பாய்லர்கிட்ட நிக்கிற ஆளுங்க, ரெங்கராஜ். வயிறு கெட்டா வேலை நிக்கும். இன்னொரு தடவ இப்படின்னா வேற மெஸ் பாத்துக்குவோம்."

அவர்கள் போனதும் ரெங்கராஜ் சமையல்கட்டுக்கு வந்தார்.

"திங்கக்கிழமையிலருந்து வேற ஆளு வருது. நாளைக்கு நீ தங்கியிருக்கிற பின்னறையையும் காலி பண்ணிக் குடுத்துரு."

"அண்ணே, நான் கேட்டேன்ல. தண்ணி இல்லாம வெயில்ல காஞ்சா காரம் ஏறும்ங்க. எங்கூர்ச் செவக்காட்டுல இதே வெத, கடிச்சா காது அடைக்கும். தண்ணி விட்டா எறங்கிரும்."

"மண்ணு மேலயும் வெயில் மேலயும் பழி போடுறியா? நாலு வருஷம் சமைச்சவளுக்குக் கை அளவு தெரிய வேணாம்?"

அவள் அண்டாவின் அடியைத் தேய்த்தாள். மிளகாய் நறுக்கிய விரல்கள் இன்னும் எரிந்தன. சோப்பு பட்டதும் கூடுதலாக எரிந்தன.

மறுநாள் காலை, பாயும் இரண்டு பைகளும் எடுத்துக்கொண்டு பின்னறையைப் பூட்டினாள். சாவியைக் கொடுக்கப் பின்கட்டுக்கு வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ரெங்கராஜ் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் பச்சை ஓஸ். ஒவ்வொரு செடிக்கும் நின்று நிதானமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சாக்குகள் நிறைந்து வழிந்த நீர் தரையில் ஓடி வந்து அவள் செருப்பை நனைத்தது.

"அந்தத் திட்டுல வச்சிட்டுப் போ" என்றார், திரும்பாமல்.