சிவந்த தண்ணீர்

கோபு துடுப்பை ஓங்கியபோது கனகவல்லி கையைக் குறுக்கே கொடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் பெண்டாட்டியை அடிப்பது எங்கள் குப்பத்துக்குப் புதிதில்லை. இன்றைக்கு யாருமே விலக்கிவிடப் போகவில்லை, அதுதான் புதிது. மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு மணலில் ஓடினேன்.

"எவன்கிட்ட வாங்கிக்கினு வந்தடி? சொல்லு."

அவள் யாரிடமிருந்தும் எதையும் வாங்கவில்லை. நேற்று பள்ளிக்கரணையில் ஊர்த் தலைவர்களுக்கு எச்.ஐ.வி. தடுப்புப் பயிற்சி நடந்தது. எங்கள் குப்பத்திலிருந்து தலைவர் குப்பன் அண்ணன் வந்தார். மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்காகக் கனகவல்லியும் நானும் போனோம். பாடம் நடத்திய ஹெப்சி மேடம் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஒன்றில் மட்டும் சுண்ணாம்புத் தெளிநீர். யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவர் தண்ணீரை இன்னொருவர் டம்ளரில் ஊற்றி மாற்றிக்கொண்டே போனோம். கடைசியில் மேடம் எல்லா டம்ளரிலும் மஞ்சள் தூவினார். பாதிப் பேருக்கு ஆரத்திக்கு ஆலம் கரைத்ததுபோல் சிவந்தது. கிருமி கண்ணுக்குத் தெரியாமல் எப்படிப் பரவுகிறது என்று காட்டும் விளையாட்டு இது, பரிசோதனை இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னார்.

யார் கேட்டது? எங்கள் மூவரில் முதலில் சிவந்தது குப்பன் அண்ணனுடையதுதான். மனுஷன் பதறிப்போய் டம்ளரை வாஷ்பேசினில் கவிழ்த்தார். இன்று காலையில் வலை பிரிக்கும் இடத்தில், "கனகவல்லிக்கு செவந்துடுச்சுப்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கோபு அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து, முகத்தைப் படகு விளிம்பில் மோதினான்.

"உடுடா அவள," என்றேன். "எனக்குந்தான் செவந்துச்சு. குப்பன் அண்ணனுக்கும் செவந்துச்சு. அவர இன்னா பண்ணப் போற?"

எல்லோரும் குப்பன் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"எனக்கு மஞ்சளாத்தான் இருந்துச்சு. இந்த அங்காளம்மாவுக்கு செவந்தத என் கண்ணால பாத்தேன்."

பாவி, நாக்கூசாமல் சொன்னார். என் மச்சினர்கள் இருவரும் வந்து கோபுவுக்குப் பின்னால் நின்றார்கள். துடுப்பு என் தோளில் இறங்கியதும் கனகவல்லியின் பக்கத்திலேயே விழுந்தேன்.

தொட்டால் ஒட்டாது என்று நேற்று முதலில் புரிந்துகொண்டு, மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவள் அவள். இப்போது மெல்ல எழுந்தாள். உடைந்த கை தொங்கியது. வாயில் நிறைந்த ரத்தத்தை மற்றொரு கையில் துப்பி, கோபுவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"வா. வந்து தொடு."

கோபு துடுப்பை நழுவவிட்டான். அவள் முன்னால் நடந்தாள். கோபு, என் மச்சினர்கள், குப்பன் அண்ணன் என்று குப்பமே அலை காலை நனைக்கும் வரை பின்வாங்கியது. அவள் விரலிடுக்கு வழியாக மணலில் சொட்டிக்கொண்டே இருந்தது.