பெயர் எழுதாத பத்திரிகை

பூங்குழலி டாக்டருக்குப் படித்து முடிக்கவே பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. தஞ்சாவூரில் எம்.பி.பி.எஸ்., மதுரையில் எம்.டி., அப்புறம் சென்னையில் ரத்த நோய்க்கென்றே தனியாக ஒரு மேல்படிப்பு. கூடப் படித்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டிருந்த வயதில் இவர் பெரம்பலூர்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அத்தனை படிப்புக்கும் கண்ட மிச்சம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு: 'ரத்தம் மற்றும் புற்றுநோய் சிறப்பு மருத்துவர்'. அதன்மேல் அவருக்குக் கொள்ளைப் பெருமை. எந்தக் காகிதமானாலும் ஓங்கி ஒரு குத்துக் குத்தாமல் விடமாட்டார்.

அதுவே வினையாகிவிட்டது. ரெட்டிபாளையம் சத்யாவுக்கு ரத்தப் புற்றுநோய்; வயது இருபத்திரண்டு. தினமும் மாத்திரை போட்டால் எல்லாரையும்போல நடமாடலாம், நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஒரு மாசம் அவள் வரவில்லை. பதறிப்போன டாக்டர், 'உடனே வரவும்' என்று தபால் கார்டில் எழுதி, பழக்க தோஷத்தில் கீழே ஸ்டாம்பையும் குத்திவிட்டார். கவரில் போட்டிருக்கலாம். மகராசிக்கு அது தோன்றவில்லை.

பத்து நாளாகியும் ஆளைக் காணோம் என்று பஸ் ஏறி வீட்டுக்கே போனார். சத்யாவின் அம்மா கொளஞ்சியம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"கார்டைத் தெருவே படிச்சிடுச்சுங்க. நிச்சயம் பண்ண வரதா இருந்தவங்க வரலைன்னுட்டாங்க. இன்னும் எதுக்குங்க வந்தீங்க?"

டாக்டர் கூனிக்குறுகித் திரும்பினார். தெருமுனைவரை சத்யா பின்னாலேயே வந்தாள்.

"இனிமே வூட்டுக்கு வராதீங்க டாக்டர். நானும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு மாத்திரையைக் கொண்டாந்தீங்கன்னா வாங்கிக்கறேன்."

மாசத்தின் முதல் ஞாயிறு, ஒரே பெஞ்சு. வேறு வேறு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி, முகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டுவாள், இவர் மாத்திரையைக் கொடுப்பார். அந்தக் கால் மணி நேரத்துக்காக டாக்டர் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொள்வார். அவருக்காக வேறு யாரும் எங்கேயும் காத்திருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிறு, ரிப்போர்ட்டோடு ஒரு கல்யாணப் பத்திரிகையும் வந்தது. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. யாருக்கென்று பெயர் எழுதவில்லை.

"மாப்பிள்ளைக்கு மீன்சுருட்டிங்க டாக்டர். அங்கதான் கல்யாணம். அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்திரை வாங்கிக்குவாரு."

"ரொம்ப சந்தோஷம்மா."

"அவங்க வூட்டாளுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால..." சத்யா பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள். "கல்யாணத்துக்கு மட்டும் வந்துடாதீங்க."

"வரலம்மா," என்றார் டாக்டர்.

கல்யாணத்தன்று காலையில் அவர் லீவு போட்டார். இருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டு, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மீன்சுருட்டி பஸ் வந்து நின்றது. பட்டுப்புடவையைப் பார்த்த கண்டக்டர் இறங்கிவந்து கேட்டார்.

"கல்யாணத்துக்குங்களா? ஏறுங்கம்மா, சீட் இருக்கு."

"இல்லைங்க," என்றார் டாக்டர். "நான் வேற பஸ்ஸுக்கு நிக்கிறேன்."