முகத்துக்குப் பதில் இரண்டு செவ்வகம்

முன்முடிவு என்கிற நோய் துளியும் அண்டாத மனிதன் இங்கிலாந்து முழுவதற்கும் ஒருவன்தான் இருந்தான். அவன் பெயர் ரூஃபஸ் பிரிக்ஸ்டாக். வயது இருபது. ஹெப்பிள்விக் கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனே தன்னைப் பரிசோதித்துப் பார்த்தான். முதல் தடவையே முடிவு திருப்தியாக இருந்ததால் மறுபரிசோதனை தேவைப்படவில்லை.

பொதுத் தேர்தலுக்கு எட்டு நாள் இருந்தது. கட்சியின் தேர்தல் அலுவலகம் மூடிப்போன ஒரு செருப்புக் கடையில் நடந்துகொண்டிருந்தது. கடைசி நோட்டீஸ் மாலை ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதைக் கணினியில் வடிவமைப்பது ரூஃபஸின் வேலை. எல்லாம் முடிந்துவிட்டது, முதல் பக்கம் தவிர. முதல் பக்கத்தில் ஊரின் பல் மருத்துவரும் கட்சியின் வேட்பாளருமான ஷஹீன் கோகரின் படம் இருந்தது. தேர்தல் வேலைகளை நடத்தும் ஹில்டா கிராப்ட்ரீ அதைப் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்பப் பெருசா இருக்கோ?” என்றாள்.

“முகம் அந்த அளவுலதான் இருக்கும்,” என்றான் ரூஃபஸ்.

முன்னாள் கவுன்சிலர் நெவில் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். “போன தடவை முந்நூத்துப் பன்னிரண்டு ஓட்டுல கோட்டை விட்டோம். இந்தத் தடவை எல்லாம் வானிலையைப் பொறுத்துதான். மழை பெஞ்சா நம்மாளுங்க வெளியில வரமாட்டாங்க. வெயில் அடிச்சா பீர் குடிக்கப் போயிடுவாங்க.”

“அப்ப எப்பத்தான் ஓட்டுப் போடுவாங்க?” என்றான் ரூஃபஸ்.

“மேகமூட்டமா இருந்தா,” என்றார் நெவில், சிரிக்காமல்.

ஹில்டா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஷஹீன்னா எனக்கு உசிரு. என் ரெண்டு பொண்ணுக்கும் பல்லுல கம்பி கட்டினது அவதான். ஆனா வெளியில இருக்கிறவங்க அப்படியில்ல கண்ணு.”

“எப்படியில்ல?”

“அப்படி.” சொல்லும்போது தன் முகத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டாள். “படத்தை எடுத்துட்டு அந்த இடத்துல போன தேர்தல் கணக்கைப் பட்டை வரைபடமாப் போட்டுடலாம். எல்லாக் கட்சியும்தான் போடுது.”

ரூஃபஸ் நாற்காலியைத் திருப்பினான். எதிர்க்கட்சியின் பட்டை வரைபடம் அவனுக்கு மனப்பாடம். முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தை அதில் தேவாலயமும் நாய்க்கூண்டும் பக்கத்தில் நிற்பதுபோல வரைந்திருந்தார்கள். அதை வெட்டிக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கீழே ‘அளவுகோலின் மரணம்’ என்று எழுதியவனே அவன்தான்.

“ஒரு பொம்பளையோட மூஞ்சியை எடுத்துட்டு ரெண்டு செவ்வகம் வைக்கணும். அப்படித்தானே? நீங்க பயப்படுற அந்த ஆள் யாரு? பேரு, கதவு நம்பர் சொல்லுங்க.”

“ஊர் பூரா இருக்காங்க.”

“ஒரே ஒருத்தரைக் காட்டுங்க, என் கையாலயே படத்தை எடுக்கிறேன். யாரும் சிக்கலேன்னா பக்கம் முழுக்க அவங்க முகம்தான். சரியா?”

“சரி,” என்றாள் ஹில்டா. “கால்வாய்த் தெருவுல ஆரம்பி. அங்க ஒரு மாதிரி.”

சட்டையில் கட்சியின் ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு ரூஃபஸ் கிளம்பினான். மழை தூறிக்கொண்டிருந்தது. நெவிலின் கணக்குப்படி அதுவே ஒரு பின்னடைவு.

கால்வாய்த் தெருவின் முதல் கதவைத் திறந்த பெண் தலையில் துவாலை சுற்றியிருந்தாள். “நானா? நான் அப்படியெல்லாம் பாக்கிறவளே இல்ல ராசா. எங்க வீட்டுக்காரருக்குக் கடவாப்பல்லு புடுங்கினதே அவங்கதான், தங்கமான கை. ஆனா மில் லேன் ஆளுங்க இருக்காங்களே...” விரல் முகத்தைச் சுற்றியது. “வெளிப்படையா சொல்லமாட்டாங்க.”

கால்வாய்த் தெருவில் மேலும் ஆறு வீடு. ஆறும் தங்கமான வீடுகள். ஆறு வீட்டிலும் மில் லேனை நினைத்து வருத்தப்பட்டார்கள்.

மில் லேனில் ஒருவன் மழையிலேயே காரைக் கழுவிக்கொண்டிருந்தான். “யாரு சொன்னா? கால்வாய்த் தெருவா? அவங்க யோக்கியதைக்கு எங்களைச் சொல்றாங்களா? என் மச்சான் கல்யாணம் பண்ணியிருக்கிறதே லாகூர் பொண்ணை. பிரச்சினை எங்க இருக்குன்னு நான் சொல்லட்டா தம்பி? பார்க் அவென்யூ. படிச்சவங்க. வாயில வராது, மனசுல இருக்கும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதான் வாயிலயே வராதே! வேற என்ன ஆதாரம் வேணும்?”

மில் லேனில் மேலும் எட்டு வீட்டிலும் ரூஃபஸுக்கு இதே ஆதாரம்தான் கிடைத்தது. நனைந்து ஊறிய தாளில் கோடு போட்டுக்கொண்டு நடந்தான். வெறுப்பு என்பது நிஜமாகவே எங்காவது குடியிருந்தால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. கதவைத் தட்டிச் சண்டையாவது போடலாம். இந்த ஊரில் அது எந்நேரமும் அடுத்த தெருவுக்கு வீடு மாறிப் போயிருந்தது.

பார்க் அவென்யூவில் இரண்டு நாய்களோடு நின்ற அம்மாள் அவனைப் பரிவோடு பார்த்தார். “இந்தத் தெருவிலயா? இங்க பாதிப் பேர் ஆசிரியருங்கப்பா. அருமையான வேட்பாளர். எனக்கு வெக்கமாவே இருக்கு, இந்தக் காலத்திலயும் ஜனங்க இப்படி இருக்காங்களேன்னு.”

“எந்த ஜனங்க?”

“குன்று மேல, வயசானவங்க வீடுங்க. அவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. அந்தத் தலைமுறை.”

குன்று மேலே ஏறினான். காலுறைக்குள் தண்ணீர். ஐந்து வீட்டில் ஐந்து கிழங்கள் தேநீர் தரவா என்று கேட்டார்கள். தங்களுக்கு ஒன்றுமில்லை, கால்வாய்ப் பக்கத்து இளசுகளை நினைத்தால்தான் கவலை என்றார்கள். ஆறாவது வீட்டில் ஊன்றுகோலோடு ஒரு கிழவர் வந்தார். ரூஃபஸ் கேள்வியை முடிக்கும் முன்பே, “எனக்கு இருக்கு,” என்றார்.

ரூஃபஸுக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. “என்ன இருக்கு?”

“வெறுப்பு. அதைத்தானே கேட்ட? அந்தப் பொம்பளை மேல எனக்கு வெறுப்புதான்.”

“எதனால?”

“பல் டாக்டருங்கன்னாலே எனக்கு ஆகாது. ஒருத்தரையும் நம்பமாட்டேன். சிரிச்சுக்கிட்டே ஊசியை எடுப்பாங்க.”

ரூஃபஸ் பேனாவைத் தாழ்த்தினான். “அப்ப ஓட்டுப் போடமாட்டீங்க?”

“போடாம? குன்றுக்கு வர்ற பஸ்ஸை நிறுத்தின கட்சிக்கா போடச் சொல்ற? அவளுக்குத்தான் போடுவேன். நோட்டீஸ்ல மூஞ்சியை நல்லாப் பெருசாப் போடு. ஆளைப் பாக்காம நான் யாருக்கும் ஓட்டுப் போட்டதில்ல.”

நான்கே காலுக்கு ரூஃபஸ் செருப்புக் கடைக்குத் திரும்பினான். நெவில் தேர்தல் விளம்பரப் பலகை நடப் போயிருந்தார். ஹில்டா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“சிக்கினாங்களா?”

“இருபத்து மூணு வீடு. ஒருத்தர்கூட இல்ல.”

“அதான் சொன்னேன்ல,” என்றாள் ஹில்டா. “வெளிய சொல்லவே மாட்டாங்க.”

“ஒருத்தர்கூட இல்லேன்னு சொல்றேன் ஹில்டா! நீங்க தோத்துட்டீங்க!”

“தோத்துட்டேன் கண்ணு. உன் இஷ்டம்போலப் போடு. முந்நூத்துப் பன்னிரண்டு மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோ.” அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். வாதத்தில் ஜெயித்த மனிதனுக்கு இவ்வளவு எரிச்சல் வரக் கூடாது.

ஈரத் தாளை மேசையில் விரித்தான். தனக்கு உண்டு என்றவர்: ஒருவர், அதுவும் பல் மருத்துவர்கள் மீது. அடுத்தவருக்கு உண்டு என்றவர்கள்: இருபத்திரண்டு. ஒரு புள்ளியியல் மாணவன் இருபத்திரண்டை அலட்சியம் செய்ய முடியாது. ஒவ்வொருவராகப் பார்த்தால் நல்லவர்கள். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், அவர்கள் சொன்னதையே வைத்து, ஊர் முழுக்கக் கெட்டவர்கள்.

தொலைபேசி அடித்தது. ஷஹீன். பள்ளி வாசலில் பெற்றோர்களிடம் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் குழந்தைகளின் இரைச்சல்.

“ரூஃபஸ், என் மூஞ்சிக்காக வீடு வீடா நியாயம் கேட்டுட்டு வந்தியாமே? ஹில்டா சொன்னா. யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாருமே இல்ல.”

“ரொம்ப யோசிக்கிற மாதிரி சொல்றியே.”

“நனைஞ்சுட்டேன். அதான்.”

“பதினெட்டு வருஷமா இந்த ஊர் என் மூஞ்சிக்கு நேராத்தான் வாயைத் திறந்துட்டிருக்கு. இப்ப அதே மூஞ்சியைப் பேப்பர்ல பாத்தா பயந்துடுமா?” அவள் சிரித்தாள், உடனே நிறுத்தினாள். “இங்க பாரு. தோத்தா தோத்துட்டுப் போறேன். ஆனா ஒளிஞ்சு நின்னு தோத்தேன்னு இருக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான். அந்த ஆபீஸ்ல இதைச் சொன்னாப் புரியறது உனக்கு மட்டும்தான்.”

“நான் பாத்துக்கறேன் டாக்டர்.”

“தெரியும்,” என்றாள். தொடர்பு அறுந்தது.

மணி நாலு நாற்பது. ரூஃபஸ் முதல் பக்கத்தைத் திறந்தான். ஷஹீன் அவனைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல படம். பக்கம் முழுக்க வரவேண்டிய படம்தான். கொஞ்சம் இடம் விட்டால் பஸ் விவகாரத்தையும் முதல் பக்கத்திலேயே போடலாமே என்று மூலையைப் பிடித்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளினான். பஸ் விவகாரத்துக்குப் பக்கத்தில் மருத்துவமனையும் இருந்தால் சமமாக இருக்கும். இன்னும் ஒரு அங்குலம். படம் அஞ்சலட்டை அளவுக்கு வந்தது. பிறகு கடவுச்சீட்டு அளவுக்கு. அந்த அளவில் யாருடைய முகமும் நன்றாக இருக்காது, அது ஷஹீனுக்கே அவமரியாதை என்று அவனுக்குப் பட்டது. இதில் தன் சொந்த அபிப்பிராயம் எதுவும் கலக்கவில்லை என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவனுக்கு ஒன்றுமில்லை. மற்றவர்கள்தான்.

அச்சகத்திலிருந்து அழைத்தார்கள். “அனுப்பியாச்சா தம்பி? மெஷின் காத்துக்கிட்டிருக்கு.”

“ரெண்டு நிமிஷம்,” என்றான்.

காலியான இடத்தில் ஒரு செவ்வகம் வரைந்தான், பக்கத்திலேயே இன்னொன்று. சரியான அளவுகோலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பார்ப்பவருக்கு ஒன்றுமே புரியாது. வெளியே மழை நின்று, வானம் பொதுவாக ஒரு சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ரூஃபஸ் தன் கட்சியின் செவ்வகத்தின் மேல் விளிம்பைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தான்.