கெரினின் மேடும் என் பிஸ்கட் டப்பாவும்

மர்ச்சிசன் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் என் வேலையே, அலை கண்டால் கத்தும் ஒரு பெட்டியோடு சுற்றி மோப்பம் பிடிப்பதுதான். செல்போன், மைக்ரோவேவ், ரிமோட் பொம்மை, எது ரேடியோ அலை விட்டாலும் பறிமுதல். வானத்தைக் கேட்கும் தட்டுகளுக்கு எங்கள் சத்தம் ஆகாது.

ஜனவரியில் ஒரு மதியம், ஆய்வாளர் கெரின் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் வந்தாள். மூன்று வருடமாக ஒரே வானத்துண்டைத் துருவுகிறவள். தாளில் ஓடிய அலைக்கோட்டில் சின்னதாக ஒரு மேடு.

"ஹைட்ரஜன், டன்மோர்! எண்ணூறு கோடி வருஷத்துக்கு முந்தின கேலக்ஸி. நடுவுல பள்ளம், ரெண்டு பக்கமும் கொம்பு. சுத்துதுய்யா!"

"கொம்பா? வேலியோரம் மேயுற ஆடா இருக்கும். இல்லேன்னா உன் எலக்ட்ரிக் டூத்பிரஷ்."

அவள் முறைத்தாள். சந்தேகம் தீர ஒரே வழிதான். பூமி சூரியனைச் சுற்றுவதால், வானத்திலிருந்து வரும் மேடு ஜூலையில் சற்று நகர்ந்திருக்கும். எங்கள் நிலையத்துச் சத்தமென்றால் அதே இடத்தில் கிடக்கும், அல்லது காணாமல் போகும். அப்படியானால் அவளுடைய மூன்று வருடமும் வீண்.

ஆறு மாதம் நான் அவளைச் சும்மா விடவில்லை. "ஆடு சௌக்கியமா, அம்மணி?" "பல் தேய்ச்சாச்சா?" பாவம், பிரஷ்ஷைப் பெர்த் நகரத்துக்கே அனுப்பிவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அறையில், பிஸ்கட் டப்பாவுக்குள், ரேடியோ அலை விடும் ஒரு போன் கடிகாரம் இருந்தது. மகள் தன் குரலைப் பதிந்து அனுப்பியது. தினமும் போட்டுக் கேட்பேன். மேட்டைக் காட்டிய அன்றே அணைத்துவிட்டேன். ஜூலையில் மேடு மறைந்தால் குற்றவாளி நான்தான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை, யாரிடம் சொல்வது?

ஜூலை வந்தது. திரையில் மேடு இருந்தது, இரண்டு கொம்புகளோடு. கணக்குச் சொன்ன இடத்துக்கே நகர்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன பெருசு, ஆட்டுக்கா அழுவுற?"

"தூசி."

"சரி, அந்த பிஸ்கட் டப்பாவ எடுத்துட்டு வா."

டப்பாவை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன்.

"அன்னிக்கு மேட்டப் பாத்ததும், உன்கிட்ட காட்டுறதுக்கு முன்னாடியே, உன் மோப்பப் பெட்டியத் தூக்கிட்டுத்தான் மொதல்ல சுத்தினேன். நீ பழக்கின பெட்டிதானே? உன் ரூம் வாசல்ல கத்துச்சு, பிஸ்கட் டப்பாகிட்ட இன்னும் சத்தமா."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்னையும் என் மேட்டையும் சேத்துத் தூக்கிப் போட்டுருப்பாங்க. ரெண்டும் பொழைக்கணும்னுதான் வாய மூடிட்டிருந்தேன். வண்டிய எடு. ரேடியோ தடை எல்லை தாண்டிப் போய் உன் பொண்ணு குரலக் கேளு. அப்புறம் கடிகாரத்தத் தபால்ல போட்டுடு."

கெரினும் பக்கத்தில் ஏறிக்கொள்ள, நூறு கிலோமீட்டர் ஓட்டினேன். வழி நெடுக அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்: "பல் தேய்ச்சாச்சா, பெருசு?"